மேக்கயா, கிழக்கயா? நெல்லை சைக்கிள்காரர்களின் சனி ராத்திரியும் ஞாயிறு காலையும்

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் பாளையங்கோட்டையில் நடக்கப் போகிறவர்கள் இவர்களைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஜங்ஷன் பக்கமிருந்து சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி ஒவ்வொன்றாக வரும் விளக்குகள், தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய சட்டை, சத்தமே இல்லாமல் உருளும் சக்கரங்கள். வ.உ.சி. மைதானத்துப் பக்கம் கூடுவார்கள். பத்து நிமிஷம் குனிந்து நிமிர்ந்து எதையோ தடவிப் பார்ப்பார்கள். அப்புறம் 'போவோமா?' என்று ஒரு குரல். போயே போய்விடுவார்கள்! எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள், மத்தியானத்துக்குள் எப்படி அவ்வளவு சிரிப்போடு திரும்பி வருகிறார்கள்? ரொம்ப நாளாக எனக்குக் குறுகுறுப்பு. கேட்டே விட்டேன். "சனிக்கிழமை சாயங்காலமே வந்துருங்க, அப்பந்தான் முழுசாத் தெரியும்" என்றார்கள். போனேன். பார்த்ததையெல்லாம் யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது!

இது பதிவு எண் வாங்கிய சங்கம் இல்லை. அலுவலகம், பெயர்ப்பலகை, பொருளாளர் எதுவும் கிடையாது. வங்கியில் வேலை பார்ப்பவர், பள்ளி ஆசிரியர், மருந்துக்கடை அண்ணாச்சி, கல்லூரிப் பிள்ளைகள், செவிலியராக இருக்கும் ஓர் அக்கா என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த கூட்டம்தான். யாரும் பந்தயக்காரர் இல்லை. பெயர்களைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. வேலைகளைச் சொன்னால் போதும், அதில்தான் சங்கதியே இருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அந்த வாட்ஸ்அப் குழு உயிர் பெறுகிறது. முதல் கேள்வி எங்கே போகிறோம் என்பதல்ல. "காத்து எப்படி?" அவ்வளவுதான். பதிலாக அம்பாசமுத்திரத்தில் இருக்கும் ஓர் உறுப்பினர் தன் வீட்டு மொட்டைமாடியில் இருந்து ஒரு வீடியோ அனுப்புகிறார். கொடியில் காயும் சாரம்! அந்தச் சாரம் எவ்வளவு தூக்கி அடிக்கிறது, எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை இருபது பேர் உட்கார்ந்து ஆராய்கிறார்கள். செல்போனில் காற்று வேகம் காட்டும் செயலிகள் எல்லோரிடமும் இருக்கின்றன. இருந்தாலும் சாரம் சொன்னால்தான் தீர்ப்பு.

ஏன் இத்தனை ஆராய்ச்சி? காற்றுதான் சைக்கிள்காரரின் மலை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. இருபது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று அடிக்கும்போது நீங்கள் இருபதில் போனால், உங்கள் நெஞ்சில் மோதுவது நாற்பது கிலோமீட்டர் வேகக் காற்று. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் பிய்த்துக்கொண்டு உள்ளே வரும். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. அதனால் இந்தக் குழுவில் ஒரு மாறாத சட்டம்: காற்றை எதிர்த்துப் போ, காற்றோடு வீடு வா. ஆடியில் மேற்கே பாபநாசம். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பியதும் கிழக்கே திருச்செந்தூர் ரோடு.

இதில் எனக்குப் புல்லரித்த இடம் ஒன்று உண்டு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை தாமிரபரணி ஓடுகிற சுமார் 128 கிலோமீட்டரும் மேற்கிலிருந்து கிழக்கு. ஆடியில் காற்றும் மேற்கிலிருந்து கிழக்கு. ஆக, பாபநாசம் போகும்போது ஆற்றையும் காற்றையும் எதிர்த்து ஏறுகிறார்கள். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் ரோட்டில் சில பத்து மீட்டர் ஏற்றம் ஒளிந்திருக்கிறது. திரும்பும்போது ஆறு, காற்று, சரிவு மூன்றும் ஒரே பக்கம் தள்ளுகின்றன! இதைவிட ஒரு சைக்கிள்காரருக்கு ஏற்ற பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

ஒன்பது மணிக்கு மருந்துக்கடை அண்ணாச்சி வீட்டுத் திண்ணை. பொதுப்பெட்டி இந்த மாசம் அவர் பொறுப்பில். செயினைப் பிரிக்கும் கருவி, ஸ்போக் சாவி, அலன் கீ கொத்து, மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ். செயினைப் பிரஷால் தேய்த்து, துணியில் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே ஒட்டியதை மறுபடி துடைத்து எடுக்கிறார்கள். "எண்ணெய் உள்ளதான் இருக்கணும், வெளிய இருந்தா மண்ணைப் பிடிச்சிக்கிடும்" என்று அண்ணாச்சி விளக்குகிறார். அடுத்து டயர். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ரப்பரில் ஏறியிருக்கும் ஒவ்வொரு பொடிக் கல்லையும் ஊக்கால் நோண்டி எடுக்கிறார்கள். ஒரு கல்லூரிப் பையன் மாற்று டியூபுக்கு டால்கம் பவுடர் தடவி, பழைய காலுறைக்குள் சுருட்டி வைக்கிறான். காலுறை எதற்கு என்று கேட்டேன். டியூப் உரசிக் கிழியாமல் இருக்கும், ரோட்டில் கை எண்ணெயாகிவிட்டால் அதையே கையுறையாக மாட்டிக்கொள்ளலாம். அடடா, இப்படி ஒரு மூளை!

காலை ஐந்தேகால். மைதானத்துப் பக்கம் அவர்கள் குனிந்து நிமிர்ந்து செய்வது என்ன என்று இப்போது தெரிந்துவிட்டது: காற்று, பிரேக், செயின். இந்த மூன்றையும் அடுத்தவர் சைக்கிளில்தான் பார்க்க வேண்டும். தன் சைக்கிளைத் தானே பார்த்தால் 'நேத்து நல்லாத்தானே இருந்துச்சு' என்று விட்டுவிடுவோம் என்பதால் இந்த ஏற்பாடு. சைக்கிள்களிலும் எத்தனை தினுசு! வளைந்த கைப்பிடி வைத்த ரோட் பைக், நேர் கைப்பிடி ஹைப்ரிட், தடித்த டயர் எம்டிபி. இவற்றுக்கு நடுவே கியரே இல்லாத ஒரு ஹெர்குலிஸ், சுத்தமாகத் துடைத்து, பின் சக்கரத்துக்கு மேல் சிவப்பு விளக்கோடு. "அது வந்தா வேகம் கொறையுமே?" என்றேன். "கொறையட்டும்" என்றார் வங்கிக்காரர்.

அந்த 'குறையட்டும்' என்கிற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். அவர்தான் இந்தக் குழுவின் ரகசியம்.

எந்தக் குழுவிலும் முன்னால் போகிறவரைத்தான் நாம் பார்ப்போம். இங்கே முன்னால் யார் வேண்டுமானாலும் போகலாம், முறை வைத்து மாறுகிறார்கள். கடைசியாக வருகிற ஆளை மட்டும் சும்மா தேர்ந்தெடுப்பதில்லை. 'ஸ்வீப்' என்று பெயர். யார் பின்தங்கினாலும் அவருக்கும் பின்னால் ஸ்வீப் இருப்பார். ஸ்வீப் வந்து சேரும் வரை யாரும் டீக்கு உட்காரக் கூடாது. குழுவிலேயே காலில் பலமும் கையில் தொழிலும் உள்ளவருக்குத்தான் இந்த வேலை. அன்றைக்கு ஸ்வீப் அந்தச் செவிலியர் அக்கா. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, 2005-06-இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. அந்த வருஷத்துப் பிளஸ் ஒன்தான் அக்கா. பள்ளிக்கூடத்தில் வாங்கிய அந்தச் சைக்கிளில்தான் தொடக்கம். இன்று இந்தக் கூட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

"ஏன்க்கா, நீங்க முன்னால போகலாம்லா?"

"முன்னால போனா ரோடு மட்டும்தான் தெரியும். பின்னால இருந்தாத்தான் யாருக்கு முட்டி வலிக்குன்னு தெரியும்" என்றார்.

நிஜமாகவே அவருக்குத் தெரிகிறது. மேலப்பாளையம் தாண்டி, முன்னீர்ப்பள்ளம் வரும்போது விடிந்துகொண்டிருந்தது. நான் வந்தது ஒரு ஸ்கூட்டரில், அவருக்குப் பக்கத்தில். "அந்த நீலச் சட்டைத் தம்பியைப் பாருங்க, வலது முட்டி வெளிய போகுது, சீட்டு ஒரு விரக்கடை இறங்கியிருக்கு." "அந்த ஆசிரியர் கிளம்புனதில இருந்து பாட்டிலைத் தொடவே இல்ல." சொல்லிவிட்டு நாலு மிதி மிதித்து ஆசிரியர் பக்கத்தில் போனார். என்ன சொன்னாரோ, ஆசிரியர் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தார்.

முன்பக்கம் இன்னொரு வேடிக்கை. ரோட்டில் எது வந்தாலும் முதல் ஆள் கத்துகிறார், அது ஒவ்வொரு வாயாகப் பின்னுக்கு வருகிறது. "குழி!" "குழி!" "குழி!" "மணல்!" "மாடு!" கை சைகையும் கூடவே. எதிர்காற்று பலமானதும் கூட்டம் ஒற்றை வரிசையாக இறுகுகிறது. முன் சக்கரத்துக்கும் முன்னால் இருப்பவரின் பின் சக்கரத்துக்கும் ஒரு கை இடைவெளி. அப்படி ஒருவர் நிழலில் இன்னொருவர் போனால் பின்னால் வருபவருக்குக் கால்வாசி உழைப்பு மிச்சம், சில சமயம் அதற்கும் மேல். தலையில் இருப்பவர் இரண்டு மூன்று நிமிஷம் காற்றை வாங்குகிறார், முழங்கையை லேசாக அசைக்கிறார், ஒதுங்கி வரிசையின் வாலுக்கு வருகிறார். அடுத்தவர் தலை. நாரைக் கூட்டம் பறப்பது போல அத்தனை அழகு! அந்த ஹெர்குலிஸ்காரரை நடுவில் வைத்துக்கொள்கிறார்கள். அவர் தலைக்கு வர வேண்டியதில்லை, காற்றே அவர்மேல் படாமல் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

பத்தமடை தாண்டியதும் 'புஸ்ஸ்ஸ்'. நான் எதிர்பார்த்துக் காத்திருந்த சத்தம்! (நானே துள்ளிக் குதித்திருப்பேன், அந்தப் பையன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.) இந்தச் சீமையில் சைக்கிள் டயருக்கு இரண்டு எதிரிகள்: நெருஞ்சி முள்ளும் உடை முள்ளும். அக்கா இறங்கினார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தவில்லை, கைப்பிடியில் இருக்கும் விளக்கும் மீட்டரும் கெடும் என்று மரத்தில் சாய்த்தார். செயினைச் சின்னப் பல்லுக்கு மாற்றிப் பின் சக்கரத்தைக் கழற்றினார். இரண்டு பிளாஸ்டிக் லீவர்களால் டயரின் ஓரத்தை நெம்பி, டியூபை உருவினார். இனிமேல்தான் முக்கியம். கட்டைவிரலை டயரின் உள்பக்கம் வைத்து மெல்ல, மிக மெல்ல ஒரு முழுச்சுற்று. பாதிச் சுற்றில் விரல் நின்றது. "இந்தா இருக்காரு." வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே கடுகளவு நீட்டிக்கொண்டிருக்கும் முள் முனை. அதை எடுக்காமல் புது டியூபை மாட்டினால் அடுத்த ஊரில் மறுபடி 'புஸ்' தான். புருவம் திருத்தும் இடுக்கியால் பிடுங்கி, பையன் உள்ளங்கையில் வைத்தார்.

புது டியூபில் கொஞ்சம் காற்று, உருண்டை வடிவம் வருகிற அளவுக்கு மட்டும். அப்போதுதான் மடங்காமல் உட்காரும். வால்வு பக்கத்தில் தொடங்கி இரண்டு கைகளாலும் டயரை உள்ளே தள்ளி, கடைசி நாலு அங்குலத்தை லீவர் இல்லாமல் உள்ளங்கையாலேயே உருட்டி ஏற்றினார். லீவர் போட்டால் டியூபைக் கடித்துவிடுமாம். சுற்றிலும் ஒருமுறை அமுக்கிப் பார்த்து, குட்டிப் பம்பை எடுத்துப் பையன் கையில் கொடுத்துவிட்டார். "அடி. உன் சைக்கிள்லா?" எல்லாம் சேர்த்து ஒரு டீ ஆறும் நேரம். சுற்றி நின்றவர்கள் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அவரவர் பையிலிருந்து கோவில்பட்டி கடலை மிட்டாய் வெளியே வந்தது. வேர்க்கடலையும் வெல்லமும் தாமிரபரணித் தண்ணீரும் சேர்ந்து 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். வெளிநாட்டு எனர்ஜி பாரை வாங்கித் தின்றுபார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் இவர்கள். ஆடி வெயிலில் உருகாது, உடனே தெம்பு, விலையும் கொஞ்சம். வேறென்ன வேண்டும்?

சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வயலுக்கு வந்திருந்தது, கார் நடவின் பச்சை ரோட்டோரம் வரை. கல்லிடைக்குறிச்சியில் நின்று ஆமவடையும் சுக்குக் காப்பியும். ஆற்றுப் பாலம் தாண்டி அம்பை. அங்கே நேற்று ராத்திரி வீடியோ அனுப்பியவர் சேர்ந்துகொண்டார். அவருக்கு எழுந்த கைதட்டல் இருக்கிறதே! விக்கிரமசிங்கபுரம் வந்ததும் எதிரே மலை சுவராக எழுந்து நிற்கிறது. பாபநாசத்தோடு வண்டி நின்றுவிடும். சோதனைச்சாவடிக்கு மேலே களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். காரையார் ரோடு கண்ணெதிரே வளைந்து மேலே போகிறது, காலெல்லாம் ஊறுகிறது, ஆனால் அதற்கு மேல் ஒரு மிதி கிடையாது. இதில் இவர்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆடி அமாவாசையை ஒட்டிய ஞாயிறுகளில் இந்தப் பக்கமே வருவதில்லை. சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகும் குடும்பங்களுக்கு ரோட்டை விட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று ஏகமனதான தீர்மானம். படித்துறையில் ஒரு முழுக்கு. உப்பும் சர்க்கரையும் கரைத்த பாட்டில் கைமாறுகிறது.

திரும்பும்போது பார்க்க வேண்டுமே! போகும்போது முக்கி முக்கிப் போன அதே ரோட்டில் யாரும் மிதிப்பதாகவே தெரியவில்லை. காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. ஆசிரியர் பாட ஆரம்பித்துவிட்டார். ஹெர்குலிஸ்காரர் முன்னால் வந்து தலையைப் பிடித்தார், அத்தனை பேரும் வேண்டுமென்றே அவருக்குப் பின்னால்.

கல்லிடைக்குறிச்சி டீக்கடையில் அக்கா காட்டிய ஒரு பொருளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த ஓர் அட்டை. பிரவே அட்டை! ஆடாக்ஸ் க்ளப் பாரிசியன் என்கிற பிரெஞ்சுக் குழு 1921-இல் தொடங்கி வைத்த நெடுந்தூர ஓட்டம் இன்று உலகம் முழுக்க நடக்கிறது. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியாவின் கீழ் ஊருக்கு ஊர் குழுக்கள் நடத்துகின்றன, சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. இதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. நேரத்துக்குள் வந்தவர் அத்தனை பேரும் சமம். மிக வேகமாக வந்தாலும் செல்லாது, அதற்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். வழியில் உதவி வண்டி கூடவே வரக் கூடாது, பஞ்சரா, பசியா, நீயே பார்த்துக்கொள். இடையில் குறிப்பிட்ட இடங்களைத் தொட்டதற்கு அட்டையில் முத்திரை. ஆளில்லாத இடமென்றால் டீக்கடை ரசீதோ ஏடிஎம் சீட்டோ சாட்சி! ஒரே ஆண்டுக்குள் நான்கு தூரங்களையும் முடித்தால் 'சூப்பர் ராண்டனர்'. அக்கா முடித்திருக்கிறார். 600 கிலோமீட்டரில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெட்ரோல் பங்க் திண்ணையில் இருபது நிமிஷம் தூங்கியதை அவர் சொல்லச் சொல்ல, கல்லூரிப் பிள்ளைகள் வடையைக் கையில் பிடித்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த கனவு பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ். 1891-இல் பந்தயமாகத் தொடங்கியது, இப்போது நாலு வருஷத்துக்கு ஒருமுறை, 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். கடைசியாக 2023 ஆகஸ்டில் நடந்தது, அடுத்தது 2027. அந்த வருஷத்தில் மறுபடி நான்கு தூரங்களையும் முடித்தால்தான் உள்ளே விடுவார்கள். அக்கா லீவு நாட்களை இப்போதே சேர்த்துக்கொண்டிருக்கிறார்!

இன்னொரு திரைமறைவு வேலை இருக்கிறது, அதற்கு நாள் கிழமை கிடையாது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு மிதித்து வருகிறவர்களுக்கு என்.எச். 44-இல் கடைசிப் பெரிய ஊர் திருநெல்வேலி. மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடந்து, இன்னும் எண்பத்தைந்து மிச்சம் என்கிற நிலையில் வருவார்கள். உதடு வெடித்து, உள்ளங்கை மரத்துப்போய், எந்த ஊர் என்றுகூடத் தெரியாமல். யாரோ ஒருவர் மூலம் தகவல் வரும். ராத்திரி பதினொன்றோ, விடிகாலை மூன்றோ, இரண்டு பேர் நான்குவழிச் சாலைக்குப் போய்விடுவார்கள். தயிர்சோறு, ஒரு பிளாஸ்க் காப்பி, இரண்டு டியூப். சாதனைக்காக ஓட்டுகிறவர் என்றால் விதி மீறாமல் தள்ளி நின்று கைதட்டிவிட்டு வந்துவிடுவார்கள். முன்பின் தெரியாத ஓர் ஆளுக்காக ராத்திரி மூன்று மணிக்கு! இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தை மாசியில் கூந்தன்குளம். நாங்குநேரிப் பக்கம், பாளையிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர்போல. 1994-இல் சரணாலயமாக அறிவித்த ஊர். மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன, அவை பயந்துவிடும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த ஊர் எல்லைக்குள் குழுவில் மணி அடிக்கக் கூடாது, 'குழி' என்று கத்தக் கூடாது, கைச் சைகை மட்டும். கிழக்கே போகும் மாதங்களில் கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்கள், ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம் அணை. ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிகளைக் கண்ணாடித் தரைக்குக் கீழே அப்படியே பார்க்கும்படி 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில், சைக்கிள் ஷூவின் அடியில் இருக்கும் கிளீட் 'டக் டக்' என்று ஒலிக்கும் என்பதால் வெளியே கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போவார்களாம்.

பத்தரை மணிக்குப் பாளைக்குத் திரும்பியாயிற்று. அல்வா ஆசை உள்ளவர்களுக்கு ஒரு சோதனை: இருட்டுக்கடை திறப்பது சாயங்காலம்தான். அதனால் ஞாயிறு மாலை டவுனில் நெல்லையப்பர் கோயில் எதிரே வரிசையில் இவர்களில் நாலைந்து பேரை, சாதாரணச் சட்டையில், நீங்கள் அடையாளம் கண்டுகொள்ளலாம். நடையில் கொஞ்சம் தாங்கல் இருக்கும்.

சேர வேண்டுமா? கியர் வேண்டாம், விலை உயர்ந்த சைக்கிள் வேண்டாம், வயசு கேட்க மாட்டார்கள், வேகம் கேட்கவே மாட்டார்கள். முன்னும் பின்னும் விளக்கு, உங்கள் சக்கர அளவுக்கு ஒரு மாற்று டியூப், தண்ணீர் பாட்டில். சனிக்கிழமை சீக்கிரம் தூங்கிவிடுங்கள். ஹெல்மெட் இல்லாமல் மட்டும் வந்துவிடாதீர்கள், மருந்துக்கடை அண்ணாச்சி எவ்வளவு நல்லவரானாலும் அந்த ஒரு விஷயத்தில் ஈவிரக்கமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்!